கொல்லிமலை வளைவும் கூலிங் கிளாஸ் அளவும்

பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பையன். ஊர் நாமக்கல் பக்கம். ரொம்ப நாளாக அவனுக்கு ஒரு ஆசை. போலீஸ் படங்களில் ஹீரோ ஜீப்பில் இருந்து இறங்கும்போது போட்டிருப்பாரே, கண்ணீர்த்துளி மாதிரி கீழே இறங்கி, மூக்குக்கு மேலே இரண்டு கம்பி ஓடுகிற கண்ணாடி, அது ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர்கள் அதை 'ஏவியேட்டர்' என்பார்கள். பசங்களுக்கு எல்லாமே கூலிங் கிளாஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பைக்கில் எட்டுப் பேர் கொல்லிமலை போவது என்று முடிவானது. சனிக்கிழமை சாயங்காலமே ஆசையை நிறைவேற்றிவிட்டான். தெருவோரக் கடை. தெர்மாகோல் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே பெரியது, இருப்பதிலேயே கருப்பு. இதுதான் அவன் தேர்ந்தெடுத்த முறை. 200 ரூபாய் சொன்னதை 120க்கு பேசி முடித்தான். 40 சதவீதம் டிஸ்கவுண்ட் என்று காமர்ஸ் மூளை உடனே கணக்குப் போட்டுக் குளிர்ந்தது. கடையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி உள்ளங்கை அளவு. அந்தக் கண்ணாடியில் இந்தக் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டான்.

கொல்லிமலை போனவர்களுக்குத் தெரியும். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருப்பதால் பரீட்சை ஹாலில் மணி அடிப்பது மாதிரி இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொண்டே ஏறலாம். முதல் பத்து வளைவு வரை நம்மாளுக்கு உலகமே சினிமாவாகத் தெரிந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கண் கூசவில்லை. பைக் மிரரில் அவ்வப்போது தன் முகத்தைப் பார்த்துக்கொண்டான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனிடம், "மாப்ள, எப்படிடா இருக்கு?" என்றான். "வெல்டிங் அடிக்கிறவன் மாதிரி இருக்குடா" என்று பதில் வந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

இருபதைத் தாண்டி ஒரு வளைவு. அதுவரை திறந்த வெயில். வளைவு திரும்பினால் இரண்டு பக்கமும் மரம் அடர்ந்து, ரோடு முழுக்க நிழல். வெயிலில் இருந்து நிழலுக்குள் நுழைந்த அந்த நொடியில் அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. இருட்டு. மேலே இருந்து வாழைத்தார் ஏற்றிய ஒரு சின்ன லோடு வண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தது காதில் விழுந்தது. எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்ததில் கண்ணாடி வேறு வழுக்கி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. பின்னால் இருந்தவன் "லெஃப்ட்ல ஒடிடா!" என்று கத்தியதும் கை தானாகத் திரும்பியது. பைக் ஓரத்து மண்ணில் இறங்கி, சறுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

லோடு வண்டி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அப்பா வயது. திட்டப் போகிறார் என்று இருவரும் தயாராக நின்றார்கள். அவர் திட்டவில்லை.

"ஏந் தம்பி, அடி கிடி ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க."

"என்ன கண்ணு இது, ராத்திரியாட்ட இருக்குது? இதப் போட்டுக்கிட்டா மல ஏறுவாங்க? கழட்டி சோப்புல வெச்சுக்க. மேல போயி போட்டோ எடுக்கறப்பப் போட்டுக்க."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். (கொங்குப் பக்கம் சட்டைப் பைக்கு சோப்பு என்று பெயர். தெரியாதவர்களுக்காக.) மீதி நாற்பத்துச் சொச்சம் வளைவையும் பின்னால் இருந்தவன்தான் ஓட்டினான். இவன் வாயே திறக்கவில்லை.

வளைவில் நடந்தது என்ன என்று யோசித்தால் அது ஒரு சாதாரணக் கணக்கு. பி.காம் முதல் வருடத்திலேயே வரும். 100 ரூபாய் பொருளுக்கு 90 சதவீதம் ட்ரேட் டிஸ்கவுண்ட் கொடுத்தால் 10 ரூபாய். அந்தப் பத்துக்கு மேல் இன்னொரு 95 சதவீதம் டிஸ்கவுண்ட் என்றால் கையில் மிஞ்சுவது 50 பைசா. மரநிழலில் வெளிச்சம் வெயிலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 5 சதவீத வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கிடைப்பது வெயிலின் 200ல் ஒரு பங்கு. அதையும் கண் உடனே ஏற்றுக்கொள்ளாது. வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். மேட்னி ஷோவுக்கு லேட்டாகப் போய் அடுத்தவர் மடியில் உட்கார்ந்தவர்களுக்கு இது விளங்கும் :-)

இன்னொரு கணக்கு. பைக் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகரும். இரண்டு நொடி கண் தெரியவில்லை என்றால் 16 மீட்டருக்கு மேல் குருட்டுப் பயணம். கொண்டை ஊசி வளைவில் 16 மீட்டர் என்பது ரோடு முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிற தூரம்.

சரி, ஏவியேட்டர் கண்ணாடியே மோசமா? இல்லை. அது பிறந்ததே வண்டி ஓட்டுகிறவர்களுக்காகத்தான், என்ன, அந்த வண்டி ஆகாயத்தில் போகும். 1930களில் அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு உயரத்தில் வெயில் கண்ணைக் கூசியது பெரிய தொந்தரவு. பாஷ் அண்ட் லாம்ப் என்ற கம்பெனி அதற்காகப் பச்சை லென்ஸ் போட்ட கண்ணாடி செய்து, 1937ல் 'ரேபான்' என்ற பெயரில் கொண்டு வந்தது. 'ரே' என்றால் கதிர், 'பான்' என்றால் தடை. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கண்ணீர்த்துளி வடிவமும் ஸ்டைலுக்காக வந்தது இல்லை. விமானி நேராக ஆகாயத்தைப் பார்ப்பார், அடிக்கடி கீழே குனிந்து மீட்டர்களைப் பார்ப்பார். கண் எந்தப் பக்கம் உருண்டாலும் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கீழ்ப்பக்கம் அப்படி இறங்குகிறது.

பிறகு 1944ல் ஜெனரல் மெக்ஆர்தர் பிலிப்பைன்ஸ் கரையில் தண்ணீரில் நடந்து வந்து இறங்கிய போட்டோவில் கூலிங் கிளாஸ் இருந்தது. 1986ல் 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் முகத்தில் இருந்தது. 2010ல் 'தபாங்' படத்தில் சல்மான் கான் அதைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டிக்கொண்டார். நம் ஊரிலோ கருப்புக் கண்ணாடி என்றால் அரசியலே ஞாபகம் வரும். எம்.ஜி.ஆரின் தொப்பியும் கண்ணாடியும் அவருடைய அடையாளம். கருணாநிதி கண்ணில் ஏற்பட்ட பாதிப்பால் போட ஆரம்பித்து, அதுவே முகமாகிப் போனது. 2017ல் அவர் வெள்ளைக் கண்ணாடிக்கு மாறியபோது அதுவே ஒரு செய்தியாக வந்தது. கண்ணாடி மனிதனுக்கு எவ்வளவு ஒட்டிப்போகும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

ஆக, கண்ணாடி மேல் குற்றம் இல்லை. முகம் பார்க்காமல், ரோடு பார்க்காமல் வாங்கியதில்தான் குற்றம்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கிவர ஒரு கண்ணாடிக் கடைக்கு அவனும் போனான். வீட்டில் மலையில் நடந்ததைச் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டு பேப்பர் படித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்ணா, இந்த ஏவியேட்டர்ல சைசு எப்படிப் பாக்கறதுங்க?"

கடைக்காரர் சிரித்தார். "சைசு கேக்கற பசங்களே கம்மி தம்பி. எல்லாரும் வெலயத்தான் கேப்பாங்க" என்று சொல்லி ஒரு ஃபிரேமை எடுத்து, காதுக்குப் போகும் கம்பியின் உள்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் 58, நடுவில் ஒரு குட்டிச் சதுரம், 14, அப்புறம் 135.

இந்த மூன்று எண்ணும் மில்லிமீட்டர் கணக்கு. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம். இரண்டாவது, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மூக்கு உட்காரும் இடைவெளி. மூன்றாவது, காதுக்குப் போகும் கம்பியின் நீளம். ஏவியேட்டரில் சாதாரணமாகப் பார்க்கும் அளவுகள் 55, 58, 62. சின்ன முகத்துக்கு 55, நடுத்தர முகத்துக்கு 58, பெரிய முகத்துக்கு 62. 58 சைஸில் கூட்டிப் பாருங்கள்: 58+14+58, மொத்தம் 130. இரண்டு பக்கமும் கீல் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இந்த அகலமும் உங்கள் முகத்தில் பொட்டுக்குப் பொட்டு இருக்கிற அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணாடி முகத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றால் பெரிசு. கம்பி பொட்டில் அழுந்தித் தடம் போட்டால் சிறிசு.

ஸ்கேல் இல்லையென்றால் ஏ.டி.எம். கார்டை எடுங்கள். உலகத்தில் எந்த பேங்க் கார்டும் ஒரே அளவுதான். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54. அகலப் பக்கம் கிட்டத்தட்ட 55 சைஸ் லென்ஸின் அகலம். கார்டை நட்டுக்குத்தலாகக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், ஒரு லென்ஸ் உங்கள் முகத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரிந்துவிடும். அக்கவுண்டில் பணம் இல்லாவிட்டாலும் கார்டு உபயோகப்படும் ஒரே இடம் இதுதான்.

நம் பையனின் முகம் ஒல்லி. அவன் வாங்கியதோ 62ஐப் போல இருந்தது. அதனால்தான் குனிந்தபோது வழுக்கியது.

எண் சரியாக இருந்தாலும் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்ன சோதனைகள் இவை.

முதலில் சிரிக்க வேண்டும். சும்மா புன்னகை போதாது, வாய் விட்டு. கன்னம் மேலே ஏறும்போது ஃபிரேமின் கீழ் விளிம்பு கன்னத்தில் இடித்து கண்ணாடி தூக்கினால், அது உங்களுக்குப் பெரிசு. ஏவியேட்டர் கீழே இறங்கும் வடிவம் என்பதால் இந்தத் தொல்லை இதில்தான் அதிகம்.

இரண்டாவது குனிய வேண்டும். செருப்பு வாரை மாட்டுவது மாதிரி குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள். வழுக்கினால் மூக்குத் தாங்கியைச் சரிசெய்யச் சொல்லலாம். மெட்டல் ஃபிரேமில் இது ஒரு வசதி, அந்தக் குட்டி ரப்பர் தாங்கிகளை உள்ளேயும் வெளியேயும் வளைத்து மூக்குக்கு ஏற்ற மாதிரி உட்காரவைக்கலாம். முழுக்க பிளாஸ்டிக்கில் வரும் ஃபிரேமில் அது முடியாது.

மூன்றாவது கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கருவிழி லென்ஸின் நடுவை ஒட்டியோ, கொஞ்சம் மூக்குப் பக்கமாகவோ இருந்தால் சரி. மேல் விளிம்பு புருவத்தோடு போக வேண்டும். புருவத்துக்கு மேலே ஃபிரேம் நின்றால் அதிசயப்பட்டு நிற்கிறவன் மாதிரி இருக்கும்.

நான்காவது பைக்காரர்களுக்கு மட்டும். ஹெல்மெட்டோடு கடைக்குப் போங்கள். ஹெல்மெட் உள்ளே இருக்கும் மெத்தை கம்பியைப் பொட்டில் அழுத்தும். பத்து நிமிஷத்தில் தலைவலி. காதுக்குப் பின்னால் வளையாமல் நேராகப் போகும் மெல்லிய கம்பி இதற்கு நல்லது. அமெரிக்க விமானப் படைக்காக 1958ல் அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனி செய்த பைலட் கண்ணாடிக்கு இப்படி நேர்க் கம்பிதான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே செருகவும் உருவவும் வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. அவர்கள் ஜெட் விமானத்தில் யோசித்ததை நாம் ஸ்பிளெண்டரில் யோசித்தால் தப்பில்லை.

ஸ்டைல் விஷயத்துக்கு வருவோம். ஏவியேட்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதிலேயே ஜாதகம் நிறைய. கண்ணீர்த்துளி வடிவம் ஒன்று. ஓரங்கள் கொஞ்சம் சதுரமாக வரும் 'நேவிகேட்டர்' இன்னொன்று. ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, மெட்டல், பிளாஸ்டிக் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைக்காரர்கள் சொல்லும் பொதுவான விதி எதிரும் புதிரும். முகம் உருண்டை என்றால் கோணம் உள்ள சதுர ஃபிரேம். தாடை சதுரம் என்றால் வளைவான கண்ணீர்த்துளி. முகம் நீளம் என்றால் லென்ஸின் உயரம் கொஞ்சம் கூடியது. நெற்றி அகலம், தாடை ஒல்லி என்றால் ஃபிரேம் மெல்லியது. இதெல்லாம் சட்டம் இல்லை, பழக்கம். போட்டுப் பார்த்து நன்றாக இருந்தால் விதியை மீறலாம். ஆனால் சிரிப்புச் சோதனையையும் குனிவுச் சோதனையையும் மீறக் கூடாது.

அடுத்தது லென்ஸ். உயிர் போகும் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

கூலிங் கிளாஸ் லென்ஸுகளை எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 0 என்பது கிட்டத்தட்ட வெள்ளைக் கண்ணாடி, 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1 என்றால் 43 முதல் 80. 2 என்றால் 18 முதல் 43. 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் வெறும் 3 முதல் 8 சதவீதம். நல்ல கம்பெனிக் கண்ணாடியில் இந்த எண்ணைக் கம்பியிலோ கூட வரும் சீட்டிலோ போட்டிருப்பார்கள். நாலாம் நம்பர் பனிமலைக்கும் அந்த மாதிரிக் கண் கூசும் இடங்களுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. சமவெளி வெயிலுக்கு மூன்று போதும். கொல்லிமலை மாதிரி ஒரு வளைவு வெயில், ஒரு வளைவு நிழல் என்று மாறி மாறி வரும் ரோட்டுக்கு இரண்டு நல்லது. தெருவோரக் கருப்புக் கண்ணாடியில் எந்த எண்ணும் கிடையாது. அது எந்த வகை என்று வளைவு வந்தால்தான் தெரியும்.

வெயிலில் தானாகக் கருத்து, நிழலில் தானாக வெளுக்கும் லென்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கருக்கிற வேகத்தைவிட வெளுக்கிற வேகம் குறைவு. வெளுப்பதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். அதற்குள் நாலு வளைவு போய்விடும்.

கலருக்கும் வேலை உண்டு. சாம்பலும் கரும்பச்சையும் நிறங்களை அதிகம் மாற்றாமல் காட்டும். பிரவுன் கலர் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும், மப்பான நேரத்தில் உதவும். நீலம், ரோஸ் எல்லாம் போட்டோவுக்கு அழகு, சிக்னலுக்கு ஆகாது. மேலே கருப்பாக ஆரம்பித்து கீழே வெளுத்துக்கொண்டே வரும் 'கிரேடியன்ட்' லென்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு வசதி. ஆகாயத்து வெளிச்சம் அடங்கும், குனிந்தால் ஸ்பீடோமீட்டரும் ரோடும் தெரியும்.

போலராய்டு லென்ஸ் தண்ணீரில், ஈர ரோட்டில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டிவிடும். கார்க்காரர்களுக்கு அருமை. ஆனால் மலையில் பைக் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பளபளப்புதான் "இங்கே ஈரம், சறுக்கும்" என்கிற எச்சரிக்கை. அதையும் சேர்த்து வெட்டிவிட்டால்? போன் ஸ்கிரீனும் டிஜிட்டல் மீட்டரும் சில கோணங்களில் அதில் கருப்பாகத் தெரியும் என்பது இன்னொரு தொல்லை.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. புற ஊதாக் கதிர். பல வருஷம் படப் படக் கண்புரை, கண்ணில் சதை வளர்வது மாதிரித் தொல்லைகளுக்கு இதுவும் ஒரு காரணம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொல்லிமலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். காற்று ஜில்லென்று இருப்பதால் வெயில் குறைவு என்று தோன்றும், கதிர் குறைவதில்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லென்ஸ் எவ்வளவு கருப்பு என்பதற்கும் இந்தக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கருப்பாக மட்டும் இருந்து கதிரைத் தடுக்காத லென்ஸ் வெறும் கண்ணைவிட ஆபத்து. இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும். விரிந்த வழியாகக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். 'யூ.வி. 400' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். பல கண்ணாடிக் கடைகளில் அதை அளக்க ஒரு சின்ன மெஷின் இருக்கும். கேட்டால் ஒரு நிமிஷத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. பாலிகார்பனேட் லென்ஸ் இயல்பிலேயே இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும். அதனால் நல்ல கண்ணாடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டும் என்று அவசியம் இல்லை. பிராண்டுக்குக் கொடுக்கும் காசில் பாதி பெயருக்குத்தான் போகிறது.

கடைக்காரர் இவனிடம் இருந்த 120 ரூபாய் கண்ணாடியை வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பதில் சொல்லவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான். போன இரண்டு வருஷத்தில் இதே மாதிரி வாங்கியது ஐந்து. மொத்தம் 610 ரூபாய். ஒன்று உட்கார்ந்து உடைத்தது, ஒன்று பஸ்ஸில் விட்டது, இரண்டு கம்பி கழன்றது, ஐந்தாவது ஆளையே காலி பண்ணப் பார்த்தது. கடைக்காரர் எடுத்து வைத்த 55 சைஸ் கண்ணாடிக்கு விலை 850. பிரவுன் கிரேடியன்ட், பாலிகார்பனேட், இரண்டாம் நம்பர். தேய்மானம் கழித்துப் பார்த்தால் எது செலவு, எது முதலீடு என்று முதல் வருஷ அக்கவுண்டன்சி படித்தவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் சோப்பில் இருந்தது 300தான்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அம்மா கேட்டார். "எதுக்குடா சாமி இத்தன கேள்வி கேக்கற? எங்க போற?"

"சும்மாதாம்மா."

"போன வாரம் கொல்லிமல போனியே, அங்க ஏதாச்சும் ஆச்சா?"

எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ தெரியவில்லை. வெள்ளெழுத்து பேப்பருக்குத்தான், பிள்ளை முகத்துக்கு இல்லை. அவன் பாதியைச் சொன்னான். சறுக்கினோம், அடி இல்லை என்று மட்டும். மீதிப் பாதி அவன் முகத்திலேயே இருந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து குறைந்த 550 ரூபாயை எண்ணி மேஜை மேல் வைத்தார். அவருடைய கண்ணாடிக்குப் போட நினைத்திருந்த நல்ல ஃபிரேம் வேண்டாம், சாதாரண ஃபிரேமே போதும் என்று கடைக்காரரிடம் சொன்னார். அவன் வேண்டாம் என்றான். "பேசாம இருடா" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆடி 18க்கு வல்வில் ஓரி விழா பார்க்க மறுபடி கொல்லிமலை. அதே பைக், அதே நண்பன். ஹெல்மெட், புதுக் கண்ணாடி. வெயிலில் கண் கூசவில்லை, நிழலில் ரோடு தெரிந்தது. குனிந்தபோது வழுக்கவில்லை. அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடது ஓரமாக ஏறினான். எதிரே யாரும் வரவில்லை. இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலைக்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூறு சொல்லும் ஆள். "அவன் உன் பழைய கண்ணாடியைப் போட்டிருந்தா உடும்பு தப்பிச்சிருக்கும்டா" என்றான் நண்பன். "உடும்பா? யானையே தப்பிச்சிருக்கும்டா" என்றான் இவன்.

சாயங்காலம் இறங்கும்போது மலையில் மூடுபனி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவுக்கு முன்னாலேயே பைக்கை ஓரம் கட்டினான். கண்ணாடியைக் கழற்றி, துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, சோப்பில் வைத்துக்கொண்டான். 850 ரூபாய் கண்ணாடியாக இருந்தாலும் பனியில் அதற்கு வேலை இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எழுபது வளைவையும் மெதுவாக இறங்கினார்கள். காரவள்ளி வந்ததும் அவன் செய்த முதல் காரியம் அம்மாவுக்கு போன் போட்டு "எறங்கிட்டோம்மா" என்று சொன்னது.